ஒட்டுக் கன்றும் ஈயான் ஃபிளக்ஸும்

ஓசூரில் பயோடெக் படிக்கும் என் தங்கை மகள் போன வாரம் ஒரு நீளமான வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். சுருக்கம் இதுதான்: “மாமா, ஹாஸ்டல்ல ‘ஈயான் ஃபிளக்ஸ்’ பார்த்தோம். மூணு கேள்வி. இவ்வளவு அழகா எடுத்த படம் ஏன் ஓடல? குளோன் பண்ணின ஆளுக்கு முந்தைய ஆளோட நினைவு வருமா? எங்க மேடம்கிட்ட கேட்டா சிரிக்கிறாங்க. அப்புறம், ஊரே மொக்கைன்னு சொல்ற படத்த நீங்க மட்டும் ஏன் வருஷா வருஷம் பார்க்கிறீங்க?”

மூன்றாவது கேள்விக்கு வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்ல முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அவளுக்கு மட்டுமில்லை, அந்தப் படத்தைப் பாதியில் நிறுத்திய எல்லோருக்கும்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிச்சையும் அவிழ்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2005-ல் வந்த படம், பாவமில்லை. 2011-ல் ஒரு வைரஸ் வந்து உலக மக்களில் நூற்றுக்கு 99 பேரை வாரிக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சிய 50 லட்சம் பேர் பிரெக்னா என்ற ஒரே நகரத்தில், சுற்றிலும் மதில் எழுப்பிக்கொண்டு வாழ்கிறார்கள். மருந்து கண்டுபிடித்த ட்ரெவர் குட்சைல்ட் என்ற விஞ்ஞானியின் வம்சம்தான் 400 வருடமாக ஆட்சி. கதை நடப்பது 2415-ல். ஊர் துடைத்து வைத்த மாதிரி சுத்தம். ஆனால் ஆட்கள் திடீர் திடீரென்று காணாமல் போகிறார்கள். ராத்திரியில் கெட்ட கனவு கண்டு எழுந்து உட்காருகிறார்கள். ஆட்சியை எதிர்க்கும் மோனிக்கன்கள் என்ற ரகசியக் கூட்டத்தில் கைதேர்ந்தவள் ஈயான். அவள் தங்கை ஊனாவை அரசாங்க ஆட்கள் கொன்றுவிடுகிறார்கள். ட்ரெவரைத் தீர்த்துக்கட்டும் வேலை ஈயானுக்கு வருகிறது. அவன் முன்னால் போய் ஆயுதத்தோடு நிற்கும்போது அவன் அவளைக் ‘கேத்ரின்’ என்று கூப்பிடுகிறான். அவளால் கொல்ல முடியவில்லை.

அப்புறம் வருவதுதான் விஷயம். அந்த மருந்து வைரஸை அழித்தது. கூடவே பிள்ளை பெறும் சக்தியையும் அழித்துவிட்டது. யாராவது செத்தால் அவருடைய மரபணுவை எடுத்து ஒரு கருவை உண்டாக்கி, விவரம் தெரியாத ஒரு பெண்ணின் வயிற்றில் வைத்துவிடுகிறார்கள். அதே ஜனங்கள்தான் திரும்பத் திரும்பப் பிறந்துகொண்டிருக்கிறார்கள். ஈயான், முதல் ட்ரெவரின் மனைவி கேத்ரினுடைய நகல். இதற்கிடையில் இயற்கை தானாகவே வழி கண்டுபிடித்து, சில பெண்கள் இயல்பாகக் கர்ப்பம் தரிக்க ஆரம்பிக்கிறார்கள். ட்ரெவரின் தம்பி ஓரனுக்கு அது பொறுக்கவில்லை. புதுப் பிள்ளைகள் வர ஆரம்பித்தால் அவனுக்குக் கிடைத்த சாகாவரம் போய்விடுமே. அப்படிக் கருத்தரித்த பெண்களை ஒவ்வொருத்தியாக முடிக்கச் சொல்கிறான். ஊனா அவர்களில் ஒருத்தி.

இதைத் தெளிவாக எழுதினால் ஒரு பத்திதான். படத்தில் ஏன் இது புரியவில்லை என்று கேட்டால், அதற்குக் கொஞ்சம் பூர்வீகம் சொல்ல வேண்டும்.

இது முதலில் எம்டிவியில் வந்த கார்ட்டூன். பீட்டர் சங் என்பவர் உருவாக்கியது. 1991-ல் துண்டுத் துண்டுக் குறும்படங்களாக ஆரம்பித்தது. அதற்கு முன் அவர் ‘ரக்ரேட்ஸ்’ என்ற குழந்தைகள் தொடருக்குப் பாத்திரங்கள் வரைந்துகொண்டிருந்தார். தவழும் குழந்தைகள், குட்டை கை, குட்டை கால், பெரிய தலை. அந்த உடம்புகளை வைத்து அசைவே காட்ட முடியவில்லை என்ற எரிச்சலில், நேர் எதிராக ஒருத்தியை வரைந்தார். குச்சி போல நீண்ட கை கால், எப்படி வேண்டுமானாலும் வளையும் இடுப்பு. ஆரம்பக் குறும்படங்களில் வசனமே இல்லை. அதைவிட முக்கியம், ஹீரோயின் சாவாள். ஒவ்வொரு கதையிலும் சாவாள். அடுத்த வாரம் ஒன்றும் நடக்காதது போல வேறு வேலைக்குக் கிளம்பி வருவாள். காரணம் சொல்லவே மாட்டார்கள். 1995-ல் அரை மணி நேர அத்தியாயங்களாக வந்தபோதுதான் பேச ஆரம்பித்தாள்.

படத்தை எழுதியவர்கள் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். செத்தவள் எப்படித் திரும்ப வருகிறாள்? குளோன். கார்ட்டூனில் விடை இல்லாத விளையாட்டாக இருந்ததைக் கதையின் முதுகெலும்பாக ஆக்கிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான். பீட்டர் சங்குக்கு மட்டும் படம் அறவே பிடிக்கவில்லை. பேட்டிகளில் மனம் நொந்து பேசியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய ஈயான் யாருக்கும் தங்கையோ அக்காவோ மனைவியோ கிடையாது. படத்து ஈயான் அழுகிறாள், பழிவாங்கப் போகிறாள், போன ஜென்மத்துக் கணவனைக் கண்டு தடுமாறுகிறாள். நம் ஊர்ப் படம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய குற்றமாகத் தெரியாது. பூர்வ ஜென்மக் காதலை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்.

படத்தில் எனக்குப் பிடித்தது எதுவென்று கேட்டால் உடம்பும் இடமும்தான். ஆரம்பத்தில் ஒரு ஈ அவள் முகத்தில் வந்து உட்காரும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்ததும் இமையை மூடி, இமை முடிக்குள் அதைப் பிடித்துவிடுவாள். கார்ட்டூனின் தொடக்கத்திலும் இதே காட்சி உண்டு. ஒரு வசனம்கூட இல்லாமல், “இவளிடம் வைத்துக்கொள்ளாதே” என்று சொல்லியாகிவிட்டது. அப்புறம் ஒரு சிறைக் காட்சி. வெள்ளை அறைக்குள் அவளைப் போட்டு அடைத்திருக்கிறார்கள். மெதுவாக விசிலடிக்கிறாள். எங்கோ வாசலில் சிதறிக் கிடந்த கோலிகுண்டு அளவு உலோக உருண்டைகள், பெயர் சொல்லிக் கூப்பிட்ட கோழிக்குஞ்சுகள் மாதிரி உருண்டு உருண்டு வருகின்றன. சுவர்ப்பக்கம் வந்து ஒன்றுசேர்ந்து வெடித்து வழி விடுகின்றன. என் சின்ன மகன் அந்தக் காட்சியை மட்டும் பத்து தடவை போடச் சொல்வான்.

அதைவிடவும் ஆட்சியாளர் மாளிகையின் தோட்டம். ஈயானும் அவள் கூட்டாளி சிதாந்திராவும் அதைத் தாண்டிப் போக வேண்டும். மரத்தில் தொங்கும் காய்கள் முள் முள்ளாகச் சுடுகின்றன. தரையில் இருக்கும் பச்சைப் புல், கால் பட்டதும் கத்தியாக விறைத்து நிற்கிறது. சிதாந்திராவுக்குப் பாதங்கள் கிடையாது. பாதம் இருக்கும் இடத்தில் அறுவை சிகிச்சை செய்து இன்னொரு ஜோடி கைகளை வைத்துக்கொண்டிருக்கிறாள். நான்கு கையாலும் ஒரு பல்லியைப் போல அந்த இடத்தைக் கடக்கிறாள். சண்டைப் படத்தில் காட்டும் தோட்டம் பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும் இடம்தான். இங்கே தோட்டமே காவல்காரன். அழகாக இருப்பது எல்லாம் ஆபத்து என்பதை இந்த ஊர் எப்படி நடக்கிறது என்பதோடு சேர்த்துக் காட்டிவிட்டார்கள். இதைத்தான் “ஸ்டைல் மட்டும் இருக்கு, சரக்கு இல்ல” என்று விமர்சகர்கள் எழுதினார்கள். இந்தப் படத்தில் ஸ்டைல்தான் சரக்கு.

இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் பிரேசிலின் தலைநகர் பிரசிலியாவில் எடுக்கத்தான் நினைத்தார்கள். அது சரிப்படாமல் பெர்லினுக்குப் போனார்கள். 2415-ஆம் வருடத்து ஊரைப் பச்சைத்துணி கட்டிக் கம்ப்யூட்டரில் வரையாமல், இருக்கிற கட்டடங்களையே தேடிப் பிடித்திருக்கிறார்கள். கைவிடப்பட்ட நாய், பூனைகளைப் பராமரிக்கும் காப்பகம் ஒன்று. வட்ட வட்டமான கான்கிரீட் கட்டடம், நடுவில் தண்ணீர். 1930-களில் விமானங்களைச் சோதிக்கக் கட்டிய காற்றுச் சுரங்கம் ஒன்று. முட்டை வடிவக் கோபுரமும் ராட்சசக் குழாயுமாக இருக்கும். பவும்ஷூலன்வேக் என்ற இடத்தில் உள்ள எரியூட்டு மயானம். உயர்ந்த தூண்கள், தூண் தலையைச் சுற்றி வெளிச்சம் வடியும். நாய்க்காப்பகத்தையும் சுடுகாட்டையும் சேர்த்து ஒரு சொர்க்கபுரியைக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு பார்த்தால் படமே கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது. பூச்சில்லாத கான்கிரீட் நமக்குப் பெரிய அதிசயமாகத் தெரியாது. கல்தூண் நட்டுக் கல்பலகை பாவிய வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தச் சுவர்களில் ஒரு கறைகூட இல்லை. குழந்தைகள் விளையாடும் ஊரில் சுவர் அப்படி இருக்குமா?

இப்போது முதல் கேள்வி. ஏன் ஓடவில்லை?

இயக்கியவர் கேரின் குசாமா. 2000-ல் குத்துச்சண்டை கற்கும் ஒரு பெண்ணைப் பற்றி ‘கேர்ள்ஃபைட்’ என்ற சின்னப் படம் எடுத்துப் பேர் வாங்கியவர். தயாரிப்பாளர்களில் ஒருவர் கேல் ஆன் ஹர்ட். ‘டெர்மினேட்டர்’, ‘ஏலியன்ஸ்’ படங்களைத் தயாரித்தவர். நாயகி சார்லீஸ் தெரோன், அப்போதுதான் ஆஸ்கர் வாங்கியிருந்தார். மோனிக்கன்களின் தலைவியாக வரும் பிரான்சிஸ் மெக்டார்மண்டும் ஆஸ்கர் வாங்கியவர். கேமராவுக்கு முன்னும் பின்னும் இவ்வளவு பெண்கள் சேர்ந்து இவ்வளவு காசில் ஒரு அறிவியல் புனைவு ஆக்‌ஷன் படம் எடுத்தது அந்தக் காலத்தில் ஹாலிவுட்டிலேயே அபூர்வம்.

கண் பட்டதோ என்னவோ, படப்பிடிப்பு தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே தெரோன் பின்பக்கமாகக் கரணமடிக்கும்போது கழுத்து அடிபட விழுந்தார். கழுத்தெலும்புகளுக்கு இடையிலிருக்கும் தட்டு பிதுங்கிவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் படப்பிடிப்பு நின்றது. கை கால் செயலிழந்து போயிருக்கலாம் என்ற நிலைமை. திரும்பி வந்து மீதியை நடித்து முடித்தார். படத்தில் அவர் குதிக்கிற குதியெல்லாம் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வந்து கழுத்தைத் தடவிக்கொள்வேன்.

கால் முறிந்தால்கூட ஒட்டிவிடும். படத்தின் முதுகை முறித்தது எடிட்டிங் மேசை. படம் தயாராகிக்கொண்டிருக்கும்போதே பாரமவுண்ட் ஸ்டூடியோவில் நிர்வாகம் மாறியது. படத்துக்குப் பச்சைக்கொடி காட்டியவர்கள் போய், அதன்மேல் பிடிப்பில்லாதவர்கள் வந்தார்கள். குசாமா செய்த படத்தை அவரிடமிருந்து வாங்கி வேறு ஆட்களை வைத்து வெட்டினார்கள். ஒரு கட்டத்தில் 71 நிமிடத்துக்குக் குறைந்துபோனது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்து அவர்களுக்கே பயம் வந்து, திரும்ப அவரைக் கூப்பிட்டு ஒட்டுப்போடச் சொன்னார்கள். கடைசியில் தியேட்டருக்கு வந்தது 93 நிமிடம். சண்டைகள் எல்லாம் இருந்தன. சண்டைக்கு நடுவில் மனிதர்கள் மூச்சு விடும் இடங்கள் போய்விட்டன. அக்காவும் தங்கையும் சேர்ந்திருக்கும் நேரம் எவ்வளவு என்று மறுபடி பார்க்கும்போது கவனி. கண் சிமிட்டும் நேரம்தான். அந்தத் தங்கைக்காகத்தான் படமே நடக்கிறது.

2005 டிசம்பர் 2-ஆம் தேதி அமெரிக்காவில் வெளியானது. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே போட்டுக்காட்டவில்லை. அப்படிச் செய்தாலே ஸ்டூடியோவுக்கு நம்பிக்கையில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். சுமார் 6.2 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்கச் சேர்த்து 5.2 கோடி டாலரை ஒட்டித்தான் வசூல். விளம்பரச் செலவு, தியேட்டர் பங்கு எல்லாம் கழித்தால் நல்ல நஷ்டம். நஷ்டத்தின் பழி அப்புறம் யார்மேல் விழுந்தது என்றால், பெண்கள்மேல். “பெண் ஹீரோ படம் ஓடாது” என்று பேசினார்கள். ஆண் நடித்த எத்தனையோ அறிவியல் படங்கள் இதைவிடப் பெரிதாக மண்ணைக் கவ்வியிருக்கின்றன. அப்போதெல்லாம் “ஆண் ஹீரோ படம் ஓடாது” என்று யாரும் சொன்னதில்லை.

சரி, உன் மேடம் சிரித்த கேள்விக்கு வருவோம்.

சிரித்தது நியாயம்தான். மரபணு என்பது உடம்பு கட்டும் குறிப்பு. நீ பத்து வயதில் அணைக்கட்டுப் பூங்காவில் ஐஸ் வாங்கித் தரவில்லை என்று உருண்டு அழுதது அந்தக் குறிப்பில் எழுதப்படாது. அது உன் மூளை நரம்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட விதத்தில் இருக்கிறது. நீ போனால் அதுவும் போச்சு. குளோன் என்பது நகல் எடுத்த ஆள் இல்லை, கொஞ்சம் காலம் தள்ளிப் பிறந்த இரட்டைப் பிள்ளை. 1996-ல் எடின்பரோ பக்கத்தில் ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் பிறந்த டாலி ஆட்டுக்குட்டி, ஆறு வயதுக் கிழட்டு ஆட்டின் மடிச் செல்லிலிருந்து வந்தது. அது குட்டியாகத்தான் பிறந்தது, குட்டியாகத்தான் துள்ளியது. 277 முயற்சிகளில் தப்பிப் பிறந்தது அது ஒன்றுதான் என்பதையும் சேர்த்துச் சொல். பிரெக்னா நகரத்து டாக்டர்கள் கைராசிக்காரர்கள். தோற்றம்கூட அச்சாக வராது. 2001 கடைசியில் டெக்சாஸில் பிறந்த முதல் குளோன் பூனைக்கு, செல் கொடுத்த பூனையின் மூவண்ணம் வரவில்லை. எந்தச் செல்லில் எந்த நிற மரபணு விழித்திருக்க வேண்டும் என்பது கருவில் தற்செயலாக நடக்கிற காரியம்.

படத்தில் இருக்கும் பெரிய ஓட்டை நினைவு இல்லை, வேறு. 400 வருடமாக ஒரே மரபணுக் கூட்டம், புதுக் கலப்பே கிடையாது. கிருமிகள் மட்டும் நாள்தோறும் மாறிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு புதுக் கிருமி போதும், மதிலுக்குள் இருக்கும் 50 லட்சமும் காலி. ‘கிராஸ் மிஷேல்’ என்ற வாழை உலகச் சந்தையை ஆண்டது. எல்லாம் ஒரே தாய்க்கட்டையின் பக்கக்கன்று. பனாமா வாடல் என்ற பூஞ்சை நோய் வந்து 1950-களில் தோட்டம் தோட்டமாகச் சாய்த்துவிட்டது. அதனால்தான் அப்புறம் வேறு ரகத்துக்கு மாறினார்கள். அறிவியலாக ஓரனைத் தோற்கடிக்க ஈயான் தேவையே இல்லை, ஒரு பூஞ்சை போதும்.

இனி மூன்றாவது கேள்வி. இதற்கு உன் தாத்தாவைக் கூப்பிட வேண்டும்.

உனக்குத் தெரியும், சந்தூரில் நம் வீட்டுப் பிழைப்பு மாங்கன்று. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: போச்சம்பள்ளி வட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு நாற்றங்கால் உண்டு. பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, மல்கோவா என்று இங்கிருந்து லாரி லாரியாகக் கன்று வெளியூருக்குப் போகும். சீசன் முடியும் நேரத்தில் கூழ் ஃபேக்டரிகளில் மலை மலையாகக் கொட்டை குவியும். அதை வாங்கி வந்து பாத்தியில் பதிப்போம். முளைத்து, செம்பு நிறத்தில் துளிர் விடும்போதே தலையைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தண்டை நடுவில் பிளந்து, நல்ல தாய்மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, பாலித்தீன் நாடாவால் சுற்றி இறுக்குவது. அதுதான் ஒட்டு. கீழே இருப்பது வேர்ச்செடி, மேலே வருவது தாய்மரம். அப்பா ஒரு நாளைக்கு எத்தனை நூறு கட்டுவார் என்று அவருக்கே கணக்கு இருந்ததில்லை. கட்டை விரல் நகத்தடியில் பிசின் ஏறிக் கறுத்திருக்கும், கல்யாணத்துக்குப் போனாலும் போகாது.

ஏன் ஒட்டு? பெங்களூராக் கொட்டையைப் போட்டால் பெங்களூரா வராது. என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. புளிக்கலாம், நாராக இருக்கலாம், தேனாகவும் இருக்கலாம். ஒட்டுக் கன்று அப்படி ஏமாற்றாது. அப்படிப் பார்த்தால் கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் நிற்கிற பெங்களூரா மரம் எல்லாம் ஒரே மரம். என்றைக்கோ, எங்கோ முளைத்த ஒரு மரம். அது செத்தே பல தலைமுறை ஆகியிருக்கும், ஆனாலும் சாகவில்லை.

இந்தப் படத்தை 2007 வாக்கில் ரவுண்டானா பக்கம் இருந்த ஒரு டிவிடி கடையில் வாடகைக்கு எடுத்து வந்து வீட்டில் போட்டேன். அப்பா வெற்றிலைப் பெட்டியோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது, அந்தப் பெண்ணின் கரணத்தைப் பார்த்து, “கழைக்கூத்தாடி வீட்டுப் புள்ளையா?” என்று கேட்டார். வானத்தில் ஒரு பெரிய கப்பல் இழுதுமீன் மாதிரி வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு மிதந்துவரும். ஊர்க்காரர்கள் அதைச் செத்தவர்களின் நினைவுச்சின்னம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் எல்லோருடைய மரபணுவையும் அதற்குள்தான் சேமித்து வைத்திருக்கிறார்கள். ஈயான் உள்ளே போய்ப் பார்க்கும் இடத்தில் நான் அப்பாவுக்குக் கதை சொல்ல வேண்டியதாயிற்று.

“செத்தவங்கள மறுபடி உண்டாக்குறாங்கப்பா. அவங்க உடம்புலர்ந்து எடுத்து.”

“ஒட்டுக் கன்னா?”

“அப்படித்தான் வச்சுக்கயேன். ஒரே மரத்துக் குச்சி.”

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார், “அப்போ வேர்ச்செடி யாரு?”

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. திரையில் ஈயான் ஓடிக்கொண்டிருந்தாள்.

“குச்சி தனியா முளைக்குமாடா? கீழ ஒரு செடி வேணுமில்ல. அது யாரு? அந்தப் பொம்பளைங்களா?”

“ஆமாப்பா.”

“அதுங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எப்படித் தெரியும்,” என்றார். “தலையக் கிள்ளிட்டுத்தானே கட்டுறோம்.”

எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். கிளைமாக்ஸ் பார்க்கவில்லை. நான் அன்றைக்கு மூன்றாவது தடவையாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி எனக்கு ஒரு தடவையும் தோன்றியதில்லை. படிப்பு வேறு, கைப்பழக்கம் வேறு.

இதனால்தான் வருடா வருடம் பார்க்கிறேன். படம் முழுக்க யார் யாருடைய நகல் என்று ஆண்கள் இருவர் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ட்ரெவர் நல்லவன், ஓரன் கெட்டவன். ஆனால் இருவருமே 400 வருடமாகக் கேட்காமல் எடுத்துக்கொண்ட வயிறுகளைப் பற்றிப் படம் ஒரு வரியோடு தாண்டிவிடுகிறது. வெட்டிப்போட்ட காட்சிகளில் அது இருந்திருக்குமோ என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. மிச்சமிருப்பது ஊனாதான். யாரிடமும் கேட்காமல் தானே கருத்தரித்தவள். கொட்டையிலிருந்து முளைத்த கன்று. அதற்காகத்தான் கொல்லப்படுகிறாள்.

இந்த இடத்தில் நம் பக்கத்துக் கதையைச் சொல்லாமல் போனால் பொய்யாகிவிடும். எந்தக் குழந்தை பிறக்கலாம், எது கூடாது என்று வேறு யாரோ முடிவு செய்வது நமக்கு அறிவியல் புனைவு கிடையாது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் ஆரம்பித்து, 2001-ல் தருமபுரிக்கும் வந்தது. தருமபுரி அப்போது நம்மையும் சேர்த்து ஒரே மாவட்டம். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல்தான். அந்த 2001 கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 900 பேர்கூட இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் அரசாங்கம் தொட்டில் கட்டித் தொங்கவிட்டது, கொல்லாதீர்கள், இங்கே போட்டுவிட்டுப் போங்கள் என்று. நான் காலேஜ் படித்தபோது ஒரு தடவை அந்தத் தொட்டிலைப் பார்த்தேன். காலியாக, வெள்ளைத் துணி விரித்து, பக்கத்தில் ஒரு மணி. யாராவது போட்டுவிட்டுப் போனால் அடிக்க வேண்டிய மணி. பிரெக்னாவில் கருத்தரித்த பெண்களை ஓரன் முடிக்கச் சொன்னதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மணிதான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்று. பத்து வருடம் கழித்து, 2015-ல், இதே தெரோன் ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்’ படத்தில் வந்தார். மொட்டைத்தலை, ஒரு கை இல்லை, நமீபியப் பாலைவனத்தில் டேங்கர் லாரி ஓட்டுகிறார். அந்தப் படம் ஆறு ஆஸ்கர் வாங்கியது, உலகமே கொண்டாடியது. கதை என்ன? ஒரு கொடுங்கோலன் பிள்ளை பெறுவதற்காகவே அடைத்து வைத்திருக்கும் ஐந்து பெண்களை வெளியே கடத்திக்கொண்டு போவது. அதில் ஒரு கிழவி வருவாள், பையில் விதை வைத்திருப்பாள். போகிற இடத்திலெல்லாம் ஊன்றிப் பார்ப்பேன், ஒன்றும் பிடிக்கவில்லை என்பாள். விஷயம் அதேதான், இந்தத் தடவை வெட்டி எறிய ஆளில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார். அந்தப் படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, இருந்தாலும் எனக்கு ஈயான்மேல்தான் பாசம். நன்றாகப் படித்த பிள்ளையைவிட ஃபெயிலான பிள்ளைமேல் தாய்க்கு இருக்கிற பாசம் மாதிரி.

பார்க்கும் முறை ஒன்று சொல்கிறேன். முதலில் பீட்டர் சங்கின் வசனமில்லாத குறும்படங்களைப் பார்; ஒன்று சில நிமிடம்தான். அவள் சாவதைப் பார்த்துப் பழகிக்கொள். அப்புறம் படத்தைப் போட்டு, கதையைத் துரத்தாமல் கைகால்களையும் சுவர்களையும் பார்த்துக்கொண்டே போ. கடைசியில் அந்த மிதக்கும் கப்பல் நகர மதில்மேல் விழுந்து உடைக்கும். வெளியே என்ன இருக்கிறது என்று 400 வருடமாக யாருக்கும் தெரியாது; விஷக்காடு என்று சொல்லி வைத்திருப்பார்கள். உடைந்த இடத்தில் பச்சைப் பசேலென்று தெரியும். அந்தக் காட்சியில் ஒலியைக் கூட்டி வை.

நம் கிணற்றடியில் நிற்கும் மாமரம் தெரியுமில்லையா, நீ ஊஞ்சல் கட்டுவாயே. அது ஒட்டு இல்லை. ஒட்டுப் பிடிக்காமல் மேல்குச்சி காய்ந்துபோன ஒரு வேர்ச்செடி. பிடுங்கி எறிய மறந்த ஒன்று தானாக வளர்ந்தது. காய் சின்னது, நார் அதிகம், சந்தையில் எடுக்க மாட்டார்கள். அதற்கு என்ன பெயர் என்று யாரோ கேட்டதற்கு அப்பா, “அதுக்குப் பேரு வைக்கல” என்றார். இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது. லீவுக்கு வரும்போது ஊறுகாய் போட ஜாடி எடுத்து வரச் சொல் உன் அம்மாவை. நீ வரும்போது டிவிடி ப்ளேயர் ரிமோட்டுக்குச் செல் இரண்டு வாங்கி வா, சின்ன சைஸ்.